பர்மாத் தேக்கும் ஆண்டு வெட்டளவும்



வெப்ப நாடுகளில் காட்டின் வளம் குன்றாமல் மரம் எடுக்க இயலுமா என்னும் கேள்வியை ஆராயக் கூடியிருக்கும் இக்கருத்தரங்கிற்குத் தலைமை தாங்கும்படி அமைப்பாளர்கள் என்னைப் பணித்திருக்கிறார்கள். தலைமை உரை என்பது விஷயத்தின் எல்லாக் கூறுகளையும் ஒருமுறை தொட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது வழக்கமாயினும், அப்படித் தொட்டுவிட்டுப் போகும் உரைகளில் எதுவும் கேட்பவர் மனத்தில் நிற்பதில்லை என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். ஆதலால் ஒரே நாட்டையும் ஒரே மரத்தையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் வரலாறு நமக்குச் சொல்லும் ஒரு செய்தியை மட்டும் தங்கள் முன் வைக்கிறேன். நாடு பர்மா, மரம் தேக்கு.

பர்மாத் தேக்கு நமக்கு அந்நியமானதன்று. ஐராவதிக் கரையில் லேவாதேவி நடத்திப் பொருளீட்டிய நகரத்தார், கப்பலேற்றிக் கொணர்ந்து செட்டிநாட்டு மாளிகைகளின் திண்ணைகளிலும் வளவுகளிலும் நிறுத்திய தூண்களின் வழவழப்பை நாம் தடவிப் பார்த்து வியந்திருக்கிறோம். அத்தூண்கள் ஒரு காலத்தில் நின்ற காடு எந்தக் கணக்கின்படி வெட்டப்பட்டது என்று கேட்டவர் நம்மில் மிகச் சிலரே.

கணக்கில்லாமல் வெட்டப்பட்ட காலமும் உண்டு. 1826-இல் முதலாம் பர்மிய யுத்தத்தின் முடிவில் தெனாசரிம் பிரதேசம் ஆங்கிலேயர் வசமாயிற்று. மரம் வெட்டும் உரிமம் வியாபாரிகளுக்கு வழங்கப்பட்டது; மோல்மேன் துறைமுகத்தில் கப்பல் கட்டும் தொழில் செழித்தது; ஆற்றுக்கு அணித்தாயிருந்த நல்ல தேக்கெல்லாம் ஒரு தலைமுறைக்குள் தீர்ந்துபோயிற்று. எனவே 1852-இல் பெகுப் பிரதேசமும் கைக்கு வந்தபோது, அதே பிழை அங்கும் நேரக் கூடாதென்று எண்ணிய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி, 1855-இல் எழுதிய குறிப்பொன்றில் தேக்கு அரசின் உடைமை என்று உறுதிப்படுத்தினார். பர்மிய மன்னர் காலத்திலேயே தேக்கு ராஜ உடைமையாகத்தான் இருந்தது. புதிய துரைத்தனம் பழைய அரண்மனையின் உரிமையைத் தன் பெயருக்கு மாற்றி எழுதிக்கொண்டது என்பதே சரி. அக்காடுகளைப் பரிபாலிக்க 1856-ஆம் ஆண்டு ஜனவரியில் வந்து சேர்ந்தவர், ஜெர்மனியில் பான் நகரைச் சேர்ந்த தாவர சாஸ்திரியான டீட்ரிக் பிராண்டிஸ்.

இவர் செய்த முதற்காரியம் எண்ணியது. அளவறியாப் பரப்பில், மூங்கிற் புதர்களுக்கிடையே சிதறி நிற்கும் ஒரு ஜாதி மரத்தை எண்ணுவதெப்படி? யானை மீதேறி, மலையின் முகடுகளையும் ஓடைகளையும் பற்றி நேர்கோடுகளாகக் காட்டை ஊடறுத்துச் சென்று, கையில் பிடித்த மூங்கிற் குச்சிகளில், காணும் ஒவ்வொரு தேக்குக்கும் அதன் பருமனுக்கேற்ற குச்சியில் ஒரு கீறலாகக் கத்தியால் குறித்துக்கொண்டே போனார். ஆறு அடிச் சுற்றளவுக்கு மேற்பட்டவை முதல் வகுப்பு. நாலரை அடிக்கு மேல் ஆறு அடி வரை இரண்டாம் வகுப்பு. அதற்குக் குறைந்தவை மற்ற வகுப்புகள். மாலையில் கூடாரத்துக்குத் திரும்பியபின் குச்சிகளின் கீறல்களைக் கூட்டினால், கடந்துவந்த கோட்டின் இருபுறத்துக் காட்டுக்கும் ஒரு கணக்குக் கிடைக்கும். அதனைப் பரப்பின் விகிதப்படி பெருக்கினால் ஒரு பள்ளத்தாக்கின் இருப்புத் தெரியும். இன்று வானத்திலிருந்து எடுக்கும் படங்களைக் கொண்டு நாம் செய்யும் மதிப்பீட்டின் தர்க்கமும் இதுவேயன்றி வேறன்று.

எண்ணியதிலிருந்து அவர் வகுத்த விதி மிக எளியது. இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பாக வளர இருபத்துநான்கு ஆண்டு செல்லும் என்று அவர் மதிப்பிட்டார். ஆகவே முதல் வகுப்பு மரங்களில் இருபத்துநான்கில் ஒரு பங்குக்கு மேல் ஓராண்டில் வெட்டலாகாது என்றார்; ஆண்டு வெட்டளவு என்பது இதுவே. வெட்டியவற்றின் இடத்தை இளையவை வந்து நிரப்பும் வேகமே வெட்டின் வேகத்துக்கு எல்லை. முதலைத் தொடாமல் வட்டியில் வாழும் குடும்பத்தின் நியாயம் இது. இரங்கூன் மொகல் தெருவில் கடை வைத்திருந்த நம்மவருக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இருந்திராது. பிற்காலத்தில் இவ்விதி விரிந்து, ஒரே பகுதிக்கு மீண்டும் வெட்ட வருமுன் கழிய வேண்டிய வெட்டுச் சுழற்சி முப்பது ஆண்டென்றும், ஈரக் காட்டில் ஏழரை அடியும் வறண்ட காட்டில் ஆறரை அடியும் சுற்றளவுள்ள மரமே வெட்டத் தகுந்ததென்றும் திருத்தம் பெற்று, பர்மியத் தேர்வுமுறை என்னும் பெயரால் உலகெங்கும் வனக் கல்லூரிகளில் பாடமாயிற்று. 1864-இல் இந்தியா முழுமைக்கும் முதல் வனத் தலைமை அதிகாரியாக பிராண்டிஸ் நியமிக்கப்பட்டமையால், நம் ஆனைமலையின் வனப் பரிபாலனமும் அவர் அமைத்த இலாகாவின் வழியில்தான் வளர்ந்தது.

மரம் எடுத்த விதமும் கவனிக்கத் தக்கது. பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகவே வெட்டுதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே அடிமரத்தில் பட்டையையும் வெள்ளைக் கட்டையையும் வளையமாக வெட்டிவிட்டு, மரத்தை நின்றபடியே பட்டுப்போகச் செய்வார்கள். காய்ந்து இலேசான பின் வீழ்த்திய கட்டையை யானை இழுத்து ஓடைப் படுகையில் சேர்க்கும். மழைக்காலத்து வெள்ளம் ஓடையிலிருந்து ஆற்றுக்கு உருட்டும். ஆற்றில் தெப்பமாகப் பிணைத்து இரங்கூன் வரை மிதக்கவிடுவார்கள். காட்டிலிருந்து மரவாடிக்கு ஒரு கட்டை வந்துசேர ஆண்டுகள் பல ஆகும். இத்தாமதத்தைக் கண்டு வியாபாரிகள் பொறுமையிழந்தனர். ஆனால் யானைக்குச் சாலை வேண்டியதில்லை, இழுத்த தடத்தில் அடுத்த மழைக்குள் புல் முளைத்துவிடும் என்பதையும், பிற்காலத்து டிராக்டரும் லாரிச் சாலையும் காட்டுக்குச் செய்த சேதத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் அத்தாமதத்தைக் குறையென்று சொல்லமாட்டார்.

ஆயினும் இம்முறையில் குறையே இல்லை என்று நான் வாதிக்க வரவில்லை. இருக்கும் மரத்தை எண்ணும் விதி, இனி முளைக்க வேண்டிய மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தேக்கு நாற்று நிழலைப் பொறுக்காது. பெகு யோமா மலைத்தொடரின் ஈரக் காடுகளிலோ கியாத்தவுங், தின் முதலிய மூங்கில் வகைகள் அடர்ந்து நிழல் கவித்து நிற்கும். அம்மூங்கில்கள் பல்லாண்டுக்கொருமுறை ஒருசேரப் பூத்துக் காய்ந்து மடியும்போதுதான் தரைக்கு வெயில் இறங்கும். அப்போது தீயும் வந்து சருகை எரித்துவிட்டுப் போனால் தேக்கு விதைக்கு நல்ல காலம். ஐரோப்பிய வனசாஸ்திரம் தீயைக் காட்டின் பரம சத்துருவென்று கற்பித்திருந்தமையால், இலாகா பெருஞ்செலவில் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டிக் காட்டைக் காத்தது; காத்த இடங்களில் மூங்கிலும் பசுமைமாறாச் செடிகளும் மண்டித் தேக்குக் கன்று அருகிப்போயிற்று. 1896-இலேயே ஸ்லேட் என்னும் வன அதிகாரி இதனை எடுத்துக்காட்டி எழுதினார். இலாகா அவர் சொன்னதை ஒப்புக்கொள்ள ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. தலைமையகத்தில் வகுத்த கொள்கையைக் காட்டில் நிற்பவனுடைய கண் பொய்யாக்கும்போது, எங்கும் கண்தான் முதலில் சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

அந்தக் கண் அதிகாரிக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. மலையில் காட்டை வெட்டி எரித்து நெல்லும் பருத்தியும் விதைத்த கரேன் குடிகளை முதலில் குற்றவாளிகளாகவே இலாகா நடத்தியது. பின்னர் பிராண்டிஸ் காலத்தில் தவுங்யா என்னும் ஏற்பாடு உருவாயிற்று: அவர்கள் எரித்துத் திருத்திய நிலத்தில் நெல்லோடு தேக்கையும் ஊன்ற வேண்டும், ஓரிரு அறுவடைக்குப்பின் குடிகள் அப்பால் செல்ல, தேக்கு அரசுக்கு நிற்கும். செலவில்லாமல் தோட்டம் கிடைத்தமையால் இம்முறை ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிற்கும் பரவிற்று. மரம் வளர்ப்பில் இது சாமர்த்தியமான யுக்தி என்பதில் ஐயமில்லை. கைமாறு நியாயமாயிருந்ததா என்று கேட்டால், இல்லையென்றே சொல்வேன். தம் கையால் ஊன்றிய மரத்தில் அவர்களுக்குப் பாத்தியதை எதுவும் இல்லை. வளர்ந்த தோட்டம் ஒவ்வொன்றும் அவர்கள் மீண்டும் திரும்பிவந்து பயிரிட முடியாத நிலமாயிற்று.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். விதி நல்லது, எண்ணியவர் நேர்மையானவர், அப்படியிருந்தும் காடு குறைந்ததேன்? எண்ணியவனிடமிருந்து எண்ணைப் பிறர் வாங்கி எழுதியபோதெல்லாம் குறைந்தது என்பதே என் விடை. 1860-களின் தொடக்கத்தில் இரங்கூன் வியாபாரிகளின் வற்புறுத்தலுக்கிணங்கி, பிராண்டிஸ் விரும்பாதபோதும், பெகுக் காடுகளின் ஒரு பகுதி தனியார் குத்தகைக்குத் திறக்கப்பட்டது. அந்நியர் வசமாகாதிருந்த வடபர்மாவிலோ மன்னர் தீபா பம்பாய் பர்மா என்னும் ஆங்கிலேயக் கம்பெனிக்குத் தேக்குக் காடுகளைக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார். எடுத்த கட்டைகளுக்கு உரிய தொகை செலுத்தவில்லை என்று 1885-இல் அரசவை அக்கம்பெனிக்குச் சுமார் இருபத்துமூன்று லட்ச ரூபாய் அபராதம் விதித்தது. அதையே முகாந்தரமாகக் கொண்டு அவ்வாண்டு நவம்பரில் ஆங்கிலேயரின் படையெடுப்பு நடந்து, மன்னர் இரத்தினகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். கட்டைகளை எண்ணியதில் நேர்ந்த வழக்கு ஓர் அரச வமிசத்தின் முடிவுக்கு வாயிலாயிற்று.

1948-இல் சுதந்திரம் வந்து, மரத்தொழில் அரசு ஸ்தாபனத்தின் கைக்கு மாறியபின் நிலைமை திருந்தியிருக்க வேண்டும். ஆனால் அந்நியச் செலாவணிக்கு வேறு வழி அருகிய அரசுக்குத் தேக்கு, கேட்டபோதெல்லாம் திறக்கும் கஜானாவாகத் தோன்றியது. 1988 நவம்பரில் தென் தாய்லாந்தில் பெருவெள்ளம் நேர்ந்து, மரம் வெட்டுதலே காரணமென்று மக்கள் கொதித்தெழ, 1989 ஜனவரியில் அந்நாடு தன் காடுகளில் வெட்டுதலை அறவே தடைசெய்தது. அதன் விளைவு? தாய்லாந்துக் கம்பெனிகள் எல்லை தாண்டிப் பர்மாவில் குத்தகை பெற்றன. ஆண்டு வெட்டளவு என்பது காகிதத்தில் இருந்தது. வெட்டு அதனை மிஞ்சிற்று. முப்பதாண்டுச் சுழற்சி முடியுமுன் காட்டின் அதே பகுதிக்குள் மறுபடியும் புகுந்தார்கள். 2010 முதல் 2015 வரை ஆண்டுதோறும் 5,46,000 ஹெக்டேர் காட்டைப் பர்மா இழந்ததென்றும், அவ்விஷயத்தில் உலகில் மூன்றாவது நாடு அதுவென்றும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை ஸ்தாபனம் கணக்கிட்டது. உழவுக்கும் தோட்டங்களுக்கும் அழிந்ததும் அதில் அடங்கும். 2014 ஏப்ரல் முதல் நாளில் உருட்டுக் கட்டை ஏற்றுமதியும், 2016-இல் நாடு முழுவதும் ஓராண்டுக்கும் பெகு யோமாவில் பத்தாண்டுக்கும் வெட்டுதலும் தடுக்கப்பட்டன. பிராண்டிஸ் யானைமீது எண்ணிச் சென்ற அதே யோமாவில், வெட்டாமல் விடுவதைத் தவிர வேறு விதி மிஞ்சவில்லை.

தன் காட்டைக் காத்துக்கொண்டு பர்மாவில் வெட்டிய தாய்லாந்தைக் குறை கூறும் தகுதி நமக்கில்லை. கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதைப் பொறாமல் நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், எங்கே எவ்வளவு வெட்டலாமென்று வகுத்து மத்திய அரசு ஒப்புக்கொண்ட செயல்திட்டமின்றி எக்காட்டிலும் மரம் வெட்டலாகாதென்று ஆணையிட்டது. ஆணை சிறந்தது, நம் காடுகள் பல அதனால் பிழைத்தன. ஆனால் நம் கதவுக்கும் நிலைக்கும் வேண்டிய மரத்தின் தேவை அவ்வாணையால் குறையவில்லை. பர்மாத் தேக்குக் கட்டைகளைப் பெருமளவில் வாங்கிய நாடுகளில் இந்தியா முன்வரிசையில் நின்றது. ஒரு நாடு தன் எல்லைக்குள் காத்த காட்டின் கணக்கை மட்டும் காட்டி, வெளியிலிருந்து வாங்கிய மரத்தின் கணக்கைக் காட்டாமலிருப்பது பாதிக் கணக்கு.

ஆகவே இங்கே கட்டுரை படிக்க வந்திருக்கும் அறிஞர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. எந்தக் காட்டைப் பற்றி எழுதினாலும், ஆனைமலையாயினும் மலேயாவாயினும், செயல்திட்டம் அனுமதித்த வெட்டளவையும் உண்மையில் வெட்டிய அளவையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். இரண்டாவது எண் கிடைக்கவில்லையென்றால் அது எந்த அலுவலகத்தில் யாரால் மறுக்கப்பட்டது என்பதைக் குறியுங்கள். அனுமதித்த எண்ணை எழுதியது காட்டில் நடந்து எண்ணியவரா, கருவூலத்தில் இருந்தவரா என்பதையும் தேடிச் சொல்லுங்கள். வன இலாகா நண்பர்கள் தம் அலுவலகங்களில் உள்ள பழைய செயல்திட்டங்களையும் வெட்டுப் பதிவேடுகளையும் ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிட வேண்டும் என்று இக்கருத்தரங்கு தீர்மானமொன்று நிறைவேற்றுமானால், நாம் கூடியதற்கு அதுவே போதிய பயன்.