கஸ்தூரிபாய் அம்மையார்

(பெண்கள் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், மனைவியாகவும் தாயாகவும் பாட்டியாகவும் வாழ்ந்து மறைந்த கஸ்தூரிபாய் அம்மையாரைப் பற்றியதாகும். அம்மையார் 1944ம் வருஷம் பிப்ரவரி 22ந் தேதி, புனா ஆகாகான் மாளிகையில் கைதியாயிருக்கும்போதே காலமானார். அவரைப் பற்றிப் பேச வருகிறவர்கள் சீதை என்றும் சாவித்திரி என்றும் சொல்லி, படத்துக்கு ஒரு மாலையைப் போட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவது வழக்கமாயிருக்கிறது. நாம் அதற்கு வரவில்லை. 74 வயது வரை வாழ்ந்த ஒரு மனுஷிக்குத் தனக்கென்று ஓர் அபிப்பிராயமும் ஒரு கோபமும் இருந்ததா இல்லையா என்று பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்பது நமது எண்ணம்.

அம்மையார் 1869ல் போர்பந்தரில் ஒரு வியாபாரி வீட்டில் பிறந்தார். 13 வயதில் கல்யாணம். மாப்பிள்ளைக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். பெண்ணுக்கு எழுத்து வாசனை இல்லை. தன் உத்தரவில்லாமல் வெளியே போகக் கூடாது என்று அந்தச் சிறு வயதுப் புருஷன் சட்டம் போட்டார். அம்மையாரோ கேட்காமலே போய் வந்தார். இதைக் காந்தியாரே தமது சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். அடக்கத்துக்கு உதாரணமாக இவரைக் காட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தை வாசிப்பதில்லை போலும்!

1898 வாக்கில் டர்பன் வீட்டில் நடந்த சங்கதியும் அதிலேயே இருக்கிறது. பஞ்சமர் குலத்துப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு குமாஸ்தா அவ்வீட்டில் தங்கியிருந்தார். அவர் அறைச் சட்டியை எடுத்துச் சுத்தம் செய்ய அம்மையாருக்கு மனமில்லை. அது ஜாதி புத்திதான். அதை நாம் மூடி மறைக்கப் போவதில்லை. ஆனால் அழுதுகொண்டே எடுத்தவரை, சந்தோஷமாக எடுக்கவில்லையே என்று கையைப் பிடித்து வாசல் வரை இழுத்துக்கொண்டு போனார் கணவர். தாய் தகப்பன் இல்லாத சீமையில் நான் எங்கே போவேன், உமக்கு வெட்கமில்லையா என்று அம்மையார் கேட்ட பிறகுதான் காந்தியாருக்கு வெட்கம் வந்தது. ஜாதித் திமிரும் தப்பு, புருஷத் திமிரும் தப்பு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஒழிக்க முடியுமா?

1901ல் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்படும்போது, அங்குள்ளவர்கள் அம்மையாருக்கென்றே 50 கினி பெறுமான தங்க மாலை ஒன்று கொடுத்தார்கள். பொதுவுக்குச் சேர்த்துவிட வேண்டும் என்றார் காந்தியார். வரப்போகும் மருமகள்களுக்கு வேண்டும் என்றார் அம்மையார். என் தொண்டுக்காகக் கொடுத்ததல்லவா என்று கணவர் கேட்டதற்கு, இரவும் பகலும் நான் பட்ட பாடு தொண்டில்லையா என்று திருப்பிக் கேட்டார். வீட்டு வேலைக்குக் கூலி உண்டா என்று பிற்காலத்தார் புஸ்தகம் புஸ்தகமாய் எழுதுகிற விஷயத்தை, படிக்காத ஒரு ஸ்திரீ அன்றே கேட்டிருக்கிறார். மாலை என்னவோ பொதுநிதிக்குத்தான் போயிற்று.

1913ல் கிறிஸ்தவ முறையில் நடவாத கல்யாணங்கள் செல்லாது என்று அங்கே ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அப்போது ட்ரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி முதலில் சிறை சென்ற 16 பேரில் அம்மையாரோடு நாலு பெண்கள் இருந்தார்கள். மூன்று மாதம் கடுங்காவல். அதே போரில் சிறை சென்று, வெளியே வந்தவுடன் 16 வயதில் மாண்டவர்தான் நம் தில்லையாடி வள்ளியம்மை. அவர் மறைந்ததும் ஒரு பிப்ரவரி 22ந் தேதியே, 1914ல்.

பாட்டியாக அவர் பட்ட பாடு வேறு. மூத்த மகன் ஹரிலாலுக்கும் தகப்பனாருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. 1918ல் விஷக்காய்ச்சலில் மருமகள் இறந்துபோகவே, தாயற்ற அப்பிள்ளைகளை எடுத்து வளர்க்கும் பாரம் அம்மையார் தலையில் விழுந்தது. அப்பனும் மகனும் கொள்கை பேசலாம்; பிள்ளைகளுக்கு வேளைக்குச் சோறு போட ஒருவர் வேண்டுமே! ஏறக்குறைய அதே காலத்தில் காந்தியார் நோயில் விழுந்து, பால் குடிப்பதில்லை என்ற விரதத்தால் தேற வழியில்லாமல் கிடந்தார். பசும்பாலும் எருமைப்பாலும் தானே கூடாது, ஆட்டுப்பாலுக்கு என்ன என்று கேட்டு அவரைப் பிழைக்க வைத்ததும் இந்த அம்மையாரின் புத்திதான்.

1938ல் ஹரிஜனங்களுக்கு அனுமதி இல்லாத பூரி கோயிலுக்குள் அம்மையார் போய்விட்டார். நமக்கு அது சம்மதமில்லை. ஆனால் காந்தியார் மனம் நொந்து, மனைவிக்குச் சரியாகக் கற்பிக்காதது தம் குற்றமே என்றார். பாருங்கள், அவர் செய்த பிழை கூட அவருடையதாக இல்லை!

கடைசி நாளுக்கு வருவோம். இளைய மகன் தேவதாஸ், பென்சிலின் என்ற அப்போதைய புது மருந்தைக் கல்கத்தாவிலிருந்து விமானத்தில் தருவித்தார். சில மணிக்கொரு தரம் ஊசி போட வேண்டும் என்று தெரிந்ததும் காந்தியார் வேண்டாமென்றார். மகன் வாதாடிப் பார்த்து விட்டுவிட்டார். அன்று மாலையே கணவர் மடியில் உயிர் பிரிந்தது. சாகும் உடம்பை ஏன் துளைக்க வேண்டும் என்ற இரக்கம் அது என்பார்கள். இருக்கலாம். மருந்து காப்பாற்றியிருக்கும் என்று எவரும் சாதிக்கவும் முடியாது. ஆனால் அதே புனாவில் 1924ல் கைதியாயிருந்த காந்தியாருக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனபோது, வேண்டும் என்று சொன்னவர் அவரே. 1944ல் நடந்த வாதமோ புருஷனுக்கும் மகனுக்கும் இடையில் நடந்ததாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். படுக்கையில் கிடந்தவரின் வாக்கு அதில் எங்கே?

இது பழங்கதையென்று நினைக்காதீர்கள். வயது வந்து, தெளிவாயிருக்கும் பெண்ணுக்கு வைத்தியம் செய்ய அவள் சம்மதமே வேண்டும், பெற்ற தாய் கொடுத்த சம்மதங்கூடச் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2008ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்படியிருந்தும், புருஷன் கையெழுத்துக்காகப் பெண்ணைக் காக்க வைப்பது நின்றுவிட்டதா என்று இங்கிருக்கும் தாய்மார்களே சொல்லட்டும்.

சென்னையில் 1885ல் ஜாதி ஸ்திரீகளுக்கும் கோஷா ஸ்திரீகளுக்கும் என்றே பெயர் வைத்து ஓர் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. ஜாதி என்ற அந்தப் பெயரை எடுத்துவிட்டு, சுதந்திரத்துக்குப் பின் அதற்குக் கஸ்தூரிபாய் அம்மையாரின் பெயரை வைத்தார்கள். திருவல்லிக்கேணியில் கேட்டால் இன்னமும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் வழி காட்டுகிறார்கள்.