பூட்டிக்கொண்ட டேப்லெட்டும் மறந்துபோன கணக்கும்

பினாங்கு, ஜார்ஜ்டவுனில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை



விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, செபராங் பிறையிலிருந்து கடல் கடந்து இங்கு வந்திருக்கும் உங்களை நெடுநேரம் காக்க வைப்பது முறையன்று. ஆகவே நேரே பொருளுக்கு வருகிறோம்.

நாம் இன்று பேசவிருப்பது பூட்டிக்கொண்டு திறக்க மறுக்கும் டேப்லெட்டைப் பற்றி. திரையைத் திறக்கும் எண் மறந்துவிட்டது. அதில் பதிந்த கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் வீட்டில் எவருக்கும் நினைவில்லை. இந்நிலையில் அதை மீட்க வழியுண்டா என்பது பல வீடுகளில் எழும் கேள்வி. பெரும்பாலும் வழியுண்டு என்பதே நமது விடை. ஆயினும் எதை முதலில் செய்வது, எதைப் பின்னர் செய்வது என்ற வரிசை தவறினால், உள்ள வழியும் அடைபட்டுப் போகும். அந்த வரிசையைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

தோட்டத்து லயங்களுக்குள் டேப்லெட் பெருவாரியாக நுழைந்த காலம் நம் நினைவில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிக்கூடம் மூடப்பட்டது, பாடம் வீட்டுக்கு வந்தது. 2021ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், 500 பள்ளிகளின் மாணவர்க்கு 150,000 கருவிகள் வழங்கும் செர்டிக் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2022இல் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த உயர்கல்வி மாணவர்க்குப் பெராந்தி சிஸ்வா திட்டத்தின் வழி டேப்லெட் கிடைத்தது. இவற்றில் இடம்பெறாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் தவணை முறையில் வாங்கித் தந்தனர். அக்கருவிகள் இன்றும் வீடுகளில் உள்ளன. அவற்றில் பாடம் மட்டுமா இருக்கிறது? பிள்ளையின் பிறந்தநாள் படமும், மறைந்த பாட்டியின் குரலும், வெளியூருக்குப் போன மகன் அனுப்பிய கடிதமும் அதற்குள் இருக்கின்றன.

நாள்தோறும் கையாளும் எண் எப்படி மறந்துபோகும் என்று பெரியவர்கள் பிள்ளைகளைக் கடிந்துகொள்வதுண்டு. அதில் பிள்ளையின் குற்றம் குறைவு. பல கருவிகள் விரல்ரேகையையோ முகத்தையோ கண்டு திறந்துகொள்வதால், எண்ணைப் போடும் பழக்கமே விட்டுப்போகிறது. பள்ளி விடுமுறையில் டேப்லெட் அலமாரியில் கிடக்கிறது. மின்கலம் முற்றாக இறங்குகிறது. மீண்டும் மின்னேற்றித் திறக்கும்பொழுது கருவி விரலை ஏற்பதில்லை. அணைந்து எழுந்த கருவி முதல் தடவை எண்ணைத்தான் கேட்கும். அதன் அமைப்பு அப்படி. (பல ஆண்டுகள் கத்தி பிடித்துத் தேய்ந்த விரலை இக்கருவிகள் எளிதில் அடையாளம் காண்பதில்லை என்பது நீங்கள் அறிந்ததே. ஆதலால் தந்தையின் விரலைப் பதிந்து வைத்திருப்பதும் அவ்வளவாக உதவாது.)

எண் தெரியாதபோது பலர் முதலில் செய்வது, தெரிந்தவர் ஒருவர் சொல்லித் தரும் பொத்தான் வித்தை. கருவியை அணைத்து, மின் பொத்தானையும் ஒலி கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் தோன்றும். ஒலிப் பொத்தானால் கீழிறங்கி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் 'பேக்டரி ரீசெட்' என்னும் வரியைத் தேர்ந்து, மின் பொத்தானால் உறுதி செய்தால், கருவி கடையிலிருந்து வந்த நாளில் இருந்தது போலாகிவிடும். சாம்சங் நிறுவனத்தின் அண்மைக் கருவிகள் சிலவற்றில், கம்பியால் கணினியோடு இணைத்தால்தான் அப்பட்டியல் தோன்றும். இந்த வித்தை பொய்யன்று; வேலை செய்யக்கூடியதே. ஆனால் படங்கள் அனைத்தும் அழிந்து, கருவி மீண்டும் எழுந்து, மொழியைக் கேட்டு, இணையத்தோடு இணைந்த பின்னர், ஒரு திரையில் அசையாமல் நின்றுவிடும். இக்கருவியில் முன்பு பதிந்திருந்த கணக்கின் மூலம் உம்மை உறுதிப்படுத்துக என்பது அத்திரையின் கட்டளை.

அழித்த பின்னும் கருவிக்குப் பழைய கணக்கு எப்படித் தெரிகிறது? உடைமையாளர் யார் என்னும் குறிப்பு, ரீசெட்டால் அழியாத தனியிடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2013இல் ஐஓஎஸ் 7 உடன் ஆக்டிவேஷன் லாக் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. கூகுள் நிறுவனம் 2015இல் ஆண்ட்ராய்டு 5.1 உடன் அதற்கிணையான காப்பைச் சேர்த்தது. 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15 அதை மேலும் இறுக்கியது. நம்மை வருத்துவதற்காக இப்பூட்டு செய்யப்படவில்லை. திருடியவன் அழித்துவிட்டு விற்க முடியாதிருக்க வேண்டுமென்றே செய்யப்பட்டது. ஆப்பிளின் பூட்டு வந்த பின்னர் ஐபோன் திருட்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் 40 விழுக்காடும், நியூயார்க்கில் 25 விழுக்காடும் குறைந்ததாக 2015இல் அந்நகரங்களின் அதிகாரிகள் அறிவித்தனர். ஆகவே பூட்டின் மீது சினங்கொள்வதற்கில்லை. ஆனால் உடைமையாளருக்கே சாவி இல்லாதபோது, திருடனுக்கும் நமக்கும் உள்ள வேறுபாட்டை அது அறியாது.

சாவி ஏன் நம்மிடம் இல்லை என்பதைச் சற்று விரிவாகவே பேச வேண்டும். இடர்ப்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பட்டணத்தில் டேப்லெட் வாங்குகிறோம். கடையில் நிற்கும் தம்பி நல்ல மனத்தோடு, "அண்ணே, நானே எல்லாம் செட் பண்ணித் தாரேன்" என்கிறார். கூகுள் கணக்கு வேண்டும் என்று கருவி கேட்கிறது. வரிசையில் ஐந்து பேர் நிற்கிறார்கள். தம்பி ஏதோ ஒரு பெயரையும் சில எண்களையும் சேர்த்து ஒரு கணக்கைத் தொடங்கி, வாயில் வந்த கடவுச்சொல்லைப் போட்டு, இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்துவிடுகிறார். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தாலும் அது பெட்டியோடு குப்பைக்குப் போகிறது. சில வீடுகளில் மூத்த மகன் தன் கணக்கையே போட்டுக் கொடுத்துவிட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுகிறான். டேப்லெட்டுக்குப் பணம் கட்டியவர் தந்தை. கணக்கின்படி அது வேறொருவருடையது. திறந்திருக்கும் வரையில் இந்த வேறுபாடு வெளியே தெரிவதில்லை.

இனி, பூட்டிக்கொண்ட பின்னர் செய்ய வேண்டுவன. முதற்கண், கருவியை அழிக்காதீர்கள். எண்ணைக் கண்டபடி போட்டுப் பார்க்கவும் வேண்டா. தவறு கூடக்கூட அடுத்த முயற்சிக்குக் கருவி விதிக்கும் காத்திருப்பும் நீளும். அதை அப்படியே ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கைத் தேடுங்கள்.

வீட்டிலுள்ள மற்றக் கைப்பேசிகளை எடுத்து, அமைப்புகள் என்னும் பகுதியில் கணக்குகளைப் பாருங்கள். பல வேளைகளில் தாயின் கைப்பேசியிலேயே அதே கணக்கு உறங்கிக்கொண்டிருக்கும். இல்லையெனில், கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்தில் மின்னஞ்சலை மறந்துவிட்டேன் என்னும் வரியை அழுத்தினால், கைப்பேசி எண்ணையும் கணக்கில் கொடுத்த பெயரையும் கேட்டு, பொருந்தும் கணக்கைக் காட்டும். பெயர் தெரிந்த பின்னர் கடவுச்சொல்லை மாற்ற முயல வேண்டும். பழைய கடவுச்சொல் அரைகுறையாக நினைவிருந்தாலும் அதையே எழுதுங்கள். கைப்பேசிக்கு வரும் குறியெண்ணைக் கேட்டால் இடுங்கள்.

இதை எங்கிருந்து செய்கிறோம் என்பதும் முக்கியம். வழக்கமாகப் பயன்படுத்திய கருவியிலிருந்தும், வழக்கமான இடத்திலிருந்தும் மீட்க முயல்வதே நல்லதென்று கூகுள் நிறுவனமே அறிவுறுத்துகிறது. ஆதலால் கொம்தாருக்கு அருகிலுள்ள கடையொன்றின் கணினியில் முயல்வதைவிட, உங்கள் லயத்து வீட்டில், நாள்தோறும் புழங்கும் கைப்பேசியில் முயல்வதே மேல். விடை உடனே வராமல், சில மணி நேரமோ சில நாளோ பொறுக்கச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு கைக்கு வந்தவுடன், இன்னமும் டேப்லெட்டை அழிக்காமல், வேறொரு கைப்பேசியில் அக்கணக்கைத் திறந்து கூகுள் போட்டோஸில் படங்கள் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏறியிருந்தால் மனநிறைவோடு அழிக்கலாம். ஏறாதிருந்தால், எண்ணை நினைவுபடுத்த இன்னும் சில நாள் கொடுத்துப் பாருங்கள். அழித்தபின் அப்படங்கள் வாரா. இக்காலத்துக் கருவிகள் உள்ளிருப்பதையெல்லாம் சங்கேத வடிவில் பூட்டி வைப்பதால், எண் இல்லாமலே படங்களை எடுத்துத் தருகிறோம் என்று எவரேனும் கூறினால் அதை நம்புவதற்கில்லை. இவையெல்லாம் ஆன பிறகு, கடவுச்சொல் மாற்றி ஒரு முழு நாள் கழித்தே ரீசெட் செய்யுங்கள்; மாற்றியவுடன் செய்தால் கருவி புதிய கடவுச்சொல்லை ஏற்க மறுப்பதுண்டு. ஐபேட் வைத்திருப்போருக்கும் முறை ஏறத்தாழ இதுவே. அங்கே மீட்க வேண்டியது ஆப்பிள் கணக்கு.

பள்ளி இரவலாகத் தந்த கருவியாயின் இவை எதையும் செய்ய வேண்டா. அது பள்ளியின் உடைமை. தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கல்வி அமைச்சின் டெலிமா கணக்கின் கடவுச்சொல் மறந்திருந்தால், அதைப் புதுப்பித்துத் தரும் பொறுப்புள்ள ஆசிரியர் பள்ளியிலேயே இருக்கிறார். அதற்காக எவருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டுவதில்லை.

கணக்கை எவ்வகையிலும் மீட்க முடியாதபோது எஞ்சியிருப்பது தயாரித்த நிறுவனத்தின் சேவை மையம். அங்கே முதலில் கேட்பது வாங்கிய ரசீதை. ஆப்பிள் நிறுவனம் வாங்கியதற்கான சான்று இருந்தால் பூட்டை நீக்கும் கோரிக்கையை ஏற்றுப் பரிசீலிக்கிறது. ஆனால் கடைகளில் இப்போது தரும் வழவழப்பான ரசீது வெப்பத்தால் எழுத்துப் பதியும் தாள். தகரக் கூரையின் கீழ் ஓராண்டு கிடந்தால் வெறுந்தாளாகிவிடும். வாங்கிய அன்றே அதை நகலெடுத்தோ படம் பிடித்தோ வைத்துக்கொள்வது நன்று.

வேறு சிலரும் உதவிக்கு முன்வருவர். முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும், எந்தப் பூட்டையும் தொலைவிலிருந்தே திறப்போம், முதலில் ஐம்பது ரிங்கிட் அனுப்புக என்று விளம்பரம் செய்வோரை நாம் கண்டிருக்கிறோம். பணம் போகும், பூட்டு அப்படியே இருக்கும். அவர்கள் அனுப்பும் செயலியைக் கைப்பேசியில் ஏற்றினால் வங்கிக் கணக்கும் போகக்கூடும். அப்படி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு ஒளிந்திராமல், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். நேரம் கடக்கக் கடக்கப் பணம் கைமாறிப் போகும்.

பழைய கருவி வாங்குவோருக்கும் ஒரு சொல். இதே ஜார்ஜ்டவுனில், நகராண்மை விளையாட்டரங்கத்தை அடுத்த லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழம்பொருள்கள் விற்கப்படுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சந்தையில் குற்றமில்லை, நல்ல பொருளும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் டேப்லெட் என்றால், விற்பவர் உங்கள் கண்ணெதிரே தம் கணக்கை நீக்கி, அமைப்புகள் பகுதி வழியாகவே ரீசெட் செய்து, நீங்கள் உங்கள் கணக்கைப் பதித்த பின்னரே பணத்தைக் கொடுங்கள். "வீட்டுக்குப் போய்ப் போடுங்கள், சரியாகிவிடும்" என்று சொன்னால் விட்டுவிட்டு வாருங்கள். அது களவுப் பொருளென்று தெரிந்தே வாங்குவது குற்றவியல் சட்டத்தின் 411ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

உங்கள் வீட்டு டேப்லெட் இன்று திறந்திருக்குமாயின், இன்றிரவே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அமைப்புகள் பகுதியில் எந்தக் கணக்கு இருக்கிறதென்று பாருங்கள். அது கடைத் தம்பி தொடங்கிய கணக்காயின், அதன் கடவுச்சொல்லை மாற்றி உங்கள் கைப்பேசி எண்ணை மீட்பு எண்ணாகச் சேருங்கள். அல்லது உங்கள் பெயரில் புதுக்கணக்கைப் பதித்துப் பழையதை நீக்குங்கள். பயன்படுத்தாத கணக்கைக் கூகுள் இரண்டாண்டுக்குப் பின் அழித்துவிடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மீட்பு எண்ணாகக் கொடுக்கும் சிம், முன்பணம் கட்டும் வகையாயின் அதைச் சாகவிடாதீர்கள். வேலை மாறி, தோட்டம் மாறி, மலிவாக வேறு சிம் கிடைத்ததென்று பழையதைத் தூக்கியெறிந்தால், சில காலத்தில் அந்த எண் வேறொருவருக்குப் போகும். உங்கள் கணக்கின் குறியெண் அவர் கைப்பேசிக்குச் செல்லும். எண்ணை மாற்றும் நாளிலேயே கணக்கிலும் மாற்றிவிட வேண்டும். சிம் தொலைந்துபோனால், அது உங்கள் பெயரில் பதிவானதாயின் மைகார்டைக் காட்டி நிறுவனத்தின் மையத்தில் அதே எண்ணுக்குப் புதுச் சிம் பெறலாம்.

கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் திரை எண்ணையும் ஒரு தாளில் தெளிவாக எழுதுங்கள். டேப்லெட்டின் முதுகில் ஒட்ட வேண்டா. பிள்ளையின் பள்ளிப் பையிலும் வேண்டா. பிறப்புப் பத்திரமும் திருமணப் பத்திரமும் வைத்திருக்கும் அதே கோப்பில், டேப்லெட் ரசீதின் நகலோடு சேர்த்து வையுங்கள். அது எங்கே இருக்கிறதென்று வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இப்பொழுது பூட்டிய கருவியைக் கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வரலாம். பொத்தான் எதையும் அழுத்தாமல் வாருங்கள், கணக்கிலிருந்து தொடங்குவோம்.