வாத்தியமும் விதியும்



கால்பந்து என்றவுடன் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது உருண்டையான ஒரு பந்தும் அதை உதைத்துக்கொண்டு ஓடும் இளைஞர்களுமே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கால்பந்து என்று வழங்குவதோ வேறோர் ஆட்டம். அங்கே பந்து இரு முனையும் கூம்பிய நீள்வடிவம் உடையது. அதைக் காலால் உதைப்பது குறைவு. கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே அதிகம். கட்சிக்குப் பதினொரு பேர். பந்தை வைத்திருக்கும் கட்சி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜ தூரமாவது முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிர்க்கட்சியின் கைக்குப் போய்விடும். இவ்வளவு தெரிந்தால் இன்றைய பேச்சுக்குப் போதும். ஏனெனில், நான் சொல்ல வந்தது அந்த ஆட்டத்தோடு உடன்பிறந்தவைபோல் ஒட்டிக்கொண்டுவிட்ட கல்லூரி பேண்டு வாத்தியக் குழுக்களைப் பற்றியும், அவற்றுக்கு விதிக்கப்பட்டிருக்கும் கட்டுப்பாடுகளைப் பற்றியுமே.

சில ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக் கழகத்தில் ஓர் இலையுதிர் காலத்தைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சனிக்கிழமை வந்துவிட்டால் ஊர் முழுவதும் விளையாட்டரங்கை நோக்கி நடக்கும். எனக்கு ஆட்டம் பிடிபடவில்லை. ஆகையால் ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு வாத்தியக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இருநூற்றுக்கு மேற்பட்ட மாணவர்களும் மாணவிகளும் ஒரே சீருடையில் அணிவகுத்து வருவார்கள். எக்காளங்களும் டிராம்போன்களும் வெயிலில் மின்னும். உடலைச் சுற்றிக்கொண்டு தோளுக்கு மேலே பெரிய தாமரைபோல் வாய் விரித்து நிற்கும் சூஸபோன் என்னும் வாத்தியத்தைச் சுமந்து பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். முரசுகளின் முதல் அடி விழுந்ததும், ஆட்டத்தின் அரிச்சுவடி அறியாத என் உள்ளமும் துள்ளி எழும்.

இந்த வழக்கம் எப்படி வந்தது? 1862-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் மாரில் சட்டம் என்ற ஒரு சட்டத்தை இயற்றியது. விவசாயமும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவ மாநிலங்களுக்கு நிலம் வழங்கிய சட்டம் அது. அக்கல்லூரிகள் படைப்பயிற்சியும் அளிக்கவேண்டும் என்று அதில் கண்டிருந்தது. படைப்பயிற்சி என்றால் அணிவகுப்பு. அணிவகுப்பு என்றால் தாளம் வேண்டும். இவ்வாறு பல கல்லூரிகளில் மாணவர் பேண்டுகள் தோன்றின. 1869 நவம்பர் 6-ஆம் தேதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகள் மோதிய ஆட்டத்தைக் கல்லூரிக் கால்பந்தின் தொடக்கம் என்பார்கள். ஆட்டம் வளர வளரப் படைப்பயிற்சிப் பேண்டுகள் மைதானத்தின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தன.

ஓரத்தில் இருந்தவை நடுவுக்கு வந்தது 1907-ஆம் ஆண்டில். பர்டூ பல்கலைக் கழகத்தின் பேண்டு அவ்வாண்டு தன் படை வரிசையைக் கலைத்து, மைதானத்தின் மீது தன் கல்லூரிப் பெயரின் முதல் எழுத்தாக நின்று காட்டியது. இடைவேளைக் காட்சியை அதே ஆண்டில் முதன்முதல் நடத்தியது தானே என்று இல்லினாய் பல்கலைக் கழகம் உரிமை கொண்டாடுகிறது. 1936-இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக் கழகத்தின் பேண்டு ஒரு படி மேலே போயிற்று. நடந்துகொண்டே, கூட்டெழுத்துப் போல வளைந்து வளைந்து, தன் மாநிலத்தின் பெயரை மைதானத்தில் எழுதியது. எழுத்தின் மேல் புள்ளியாகச் சென்று நிற்பது இன்று ஒரு சூஸபோன் மாணவருக்கு உரிய பெருமை. அந்தப் புள்ளிக்கு ஓர் அரங்கமே எழுந்து ஆரவாரிக்கிறது.

இதன் பின்னால் உள்ள கணக்கைக் கேளுங்கள். மைதானத்தின் நீளம் 100 கெஜம். ஐந்து கெஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு உண்டு. ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்குச் சரியாக எட்டு அடி எடுத்து வைக்க வேண்டும் என்பது பல பேண்டுகளின் பாடம். அப்படியானால் ஓர் அடியின் அளவு இருபத்திரண்டரை அங்குலம். உயரமானவருக்கும் குள்ளமானவருக்கும் அதே அளவுதான். தரையைக் குனிந்து பார்க்காமல், வாசித்துக்கொண்டே, அந்த அளவு பிசகாமல் நடக்கவேண்டும்.

மற்றொரு சங்கடமும் உண்டு. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. மைதானத்தின் ஒரு கோடியில் அடித்த முரசு மறு கோடியை எட்டக் கால் நொடிக்குச் சற்று அதிகமாகிறது. நிமிஷத்துக்கு 120 தாளம் உள்ள நடையில் ஒரு தாளத்துக்கு அரை நொடிதான். ஆகவே, காதால் கேட்டு வாசிப்பவன் அரைத் தாளம் பிந்திவிடுவான். தொலைவில் நிற்பவர்கள் காதை நம்பாமல், மேடைமீது நிற்கும் தலைவரின் கையைப் பார்த்தே வாசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். 'கேட்காதே, பார்' என்று இசை மாணவனுக்குச் சொல்லும் இடம் உலகில் அதிகம் இராது.

இனி விதிகளுக்கு வருவோம்.

பந்தை வைத்திருக்கும் கட்சியில் குவார்ட்டர்பேக் என்றொருவர் உண்டு. ஆட்டத்தின் மூளை அவர்தான். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்பு அவர் குரல் கொடுத்துச் சில சங்கேதச் சொற்களைச் சொல்வார். எந்தச் சொல்லில் பந்து பின்னால் வரும், எந்தக் கணத்தில் எல்லோரும் பாயவேண்டும் என்பதை அக்குரலைக் கொண்டே தோழர்கள் அறிவார்கள். குரல் கேளாமல் ஒருவன் ஒரு கணம் முந்தி அசைந்தால் அவனுடைய கட்சிக்கு 5 கெஜ அபராதம். ஆகையால், உள்ளூர்ப் பேண்டு அந்தக் கணத்தில் முழங்கினால், வெளியூர்க் கட்சியை வாத்தியத்தால் தோற்கடித்துவிடலாம்!

இதைத் தடுக்கவே விதி பிறந்தது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிநூல், ஆட்டக்காரர்களையும் பயிற்சியாளர்களையும் போலவே பேண்டு வாத்தியக்காரர்களையும் விதிக்கு உட்பட்டவர்கள் என்று எண்ணுகிறது. ஒரு கட்சி தன் சங்கேதத்தைக் கேட்க முடியாதபடி அவர்கள் ஒலி எழுப்பலாகாது. எழுப்பினால், நடுவர் அவர்களுடைய கட்சியின்மீது 15 கெஜ அபராதம் விதிக்கலாம். ஊதியவன் ஒருவன், தண்டனை அடைபவர்கள் களத்தில் வியர்வை சிந்தும் பதினொருவர்.

முதலில் கேட்டபோது எனக்கு இவ்விதி பிடிக்கவில்லை. எண்பதாயிரம் பேர் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அவர்களைத் தடுக்க விதி இல்லை. முறைப்படி பயின்று இனிமையாக வாசிக்கும் மாணவர்களுக்கு மட்டும் வாய்ப்பூட்டா என்று எண்ணினேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு சனிக்கிழமை.

அன்று ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருந்தன. உள்ளூர்க் கட்சி சிறிதளவே முன்னிலையில் இருந்தது. வெளியூர்க் கட்சி பந்தோடு எல்லைக்கு அருகில் வந்துவிட்டது. ஒரு முயற்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் உள்ள சில விநாடிகளில் பேண்டு முழங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன்வரிசையில் முரசு அடித்த ஓர் இளைஞனின் முகத்தை நான் பார்த்தேன். அவன் கண்கள் களத்தில் இருந்தன. கை முழு வேகத்தில் இருந்தது. இன்னும் நான்கு அடி அடித்தால் எதிர்க்கட்சி தடுமாறிவிடும் என்பதை அவன் அறிவான். வெளியூர் ஆட்டக்காரர்கள் தலைகளை நெருக்கிக்கொண்டு, கைகளைக் காதருகே வைத்துக்கொண்டு, தங்கள் தலைவனின் வாயையே பார்த்து நின்றார்கள். அவர்களும் இவர்களைப் போலவே இருபது வயதுப் பிள்ளைகள். அப்போது பேண்டின் இயக்குநர் கையை உயர்த்தி விரல்களை மூடினார். அடுத்த தாளம் விழவில்லை. அந்த இளைஞனின் கோல் முரசுக்கு ஓர் அங்குலம் மேலே அப்படியே நின்றது. கூட்டம் கத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இருநூறு வாத்தியங்கள் ஒரே கணத்தில் அடங்கிய அந்த அமைதியை அந்த இரைச்சலின் நடுவிலும் நான் கேட்டேன்.

அந்த முயற்சியில் வெளியூர்க் கட்சி எல்லையைக் கடந்துவிட்டது. உள்ளூர் தோற்றது. ஆட்டம் முடிந்தபின் அந்த இளைஞனிடம், "நிறுத்தியதற்கு வருந்துகிறாயா?" என்று கேட்டேன். அவன் சிறிது யோசித்து, "அடுத்த வாரம் நாங்கள் அவர்களைப் போல வேறோர் ஊருக்குப் போகிறோம், ஐயா" என்றான். எந்த விதிநூலிலும் இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை.

விதியை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு வேடிக்கையான ஒரு வரலாறு உண்டு. 1982 நவம்பர் 20-ஆம் தேதி பெர்க்கலி நகரில் கலிபோர்னியா, ஸ்டான்போர்டு ஆகிய இரு பல்கலைக் கழகங்களும் மோதின. ஸ்டான்போர்டு 20, கலிபோர்னியா 19. மிஞ்சியிருந்தது 4 விநாடி. கலிபோர்னியா ஆட்டக்காரர்கள் பந்தை ஒருவருக்கொருவர் ஐந்து முறை பின்னால் எறிந்து எறிந்து ஓடினார்கள். ஆட்டம் முடிந்துவிட்டதென்று எண்ணிய ஸ்டான்போர்டு பேண்டு வெற்றிக் களிப்பில் களத்துக்குள் இறங்கிவிட்டது. கெவின் மோயன் என்னும் ஆட்டக்காரர் அந்த வாத்தியக் கூட்டத்தை ஊடுருவி ஓடி, எல்லையைக் கடந்து, ஒரு டிராம்போன் மாணவர்மீது போய் மோதி விழுந்தார். நடுவர்கள் கூடி ஆலோசித்து, அந்தப் புள்ளிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தார்கள். கலிபோர்னியா 25-க்கு 20 என்று வென்றது. நசுங்கிய அந்த டிராம்போன் பின்னாளில் கல்லூரிக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றது. இரண்டு விநாடி பொறுத்திருந்தால் வரலாற்றில் இந்தப் பெயர் அந்தப் பேண்டுக்கு வந்திராது.

எல்லா விதிகளும் அப்படியே கல்லில் எழுதியவை என்று எண்ணிவிடாதீர்கள். மிஸிஸிப்பி மாநிலப் பல்கலைக் கழகத்தின் ரசிகர்கள் பசுவின் கழுத்து மணியை ஆட்டி ஒலிப்பது ஒரு பழைய வழக்கம். தென்கிழக்குக் கல்லூரிகளின் கூட்டமைப்பு 1974-இல் செயற்கை ஒலிக்கருவிகளைத் தடை செய்தது. மணிகள் மறையவில்லை, மறைவாக வந்தன. கடைசியில் 2010-இல், குறித்த சில நேரங்களில் மட்டும் ஒலிக்கலாம் என்று கூட்டமைப்பு இறங்கி வந்தது. முற்றிலும் தடுப்பதைவிட நேரம் வகுப்பது பயன் தந்தது. அதே கூட்டமைப்பு 2014-இல் மற்றொரு தளர்வும் செய்தது. பந்தின்மேல் நடு ஆட்டக்காரர் குனிந்து நிற்கும் கணம் முதல், முயற்சி முடிந்து ஊதல் ஒலிக்கும் வரையில்தான் இசைக்குத் தடை. மற்ற வேளைகளில் தடையில்லை.

ஆனால் இத்தளர்வினால் பேண்டுகளுக்குப் புதிய போட்டி ஒன்று வந்தது. கிடைத்த விநாடிகளை ஒலிபெருக்கியும் பங்கு கேட்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் பதிவுசெய்த பாட்டு அரங்கத்தை நிறைத்துவிடும். அதற்கு ஒத்திகை வேண்டாம், மழையில் நனையாது, இருபத்திரண்டரை அங்குலம் அளந்து நடக்காது. விதி கொடுத்த கட்டுப்பாட்டை மாணவர்கள் தாங்கிக்கொண்டார்கள். இயந்திரம் பறிக்கும் இடத்தை அவர்கள் எப்படி மீட்பார்கள் என்பதே இன்றைய கேள்வி.

அவர்களுக்கென்று உறுதியாக உள்ளது இடைவேளை. கல்லூரி ஆட்டத்தில் அது 20 நிமிஷம். கறுப்பின மக்களுக்காக ஏற்பட்ட கல்லூரிகளில் அந்த இருபது நிமிஷத்துக்காகவே அரங்கத்துக்கு வருபவர்கள் ஏராளம். ஆட்டத்துக்கு நான்கு கால்பகுதிகள்தான். ஆனால் அங்கே ஆட்டம் முடிந்தபிறகும் இரு பேண்டுகளும் எதிரெதிரே அமர்ந்து மாறி மாறி வாசிக்கும். அதற்கு 'ஐந்தாம் கால்பகுதி' என்று பெயர். அந்த நேரத்தில் குறுக்கிட ஊதலும் இல்லை, அபராதமும் இல்லை.

அவ்வகைக் கல்லூரிகளில் ஒன்றான புளோரிடா ஏ அண்டு எம் பல்கலைக் கழகத்தில் 1946 முதல் 1998 வரை பேண்டை நடத்தியவர் வில்லியம் பாஸ்டர். கறுப்பருக்கு இசை இயக்குநர் பதவி கிடைக்காது என்று மாணவப் பருவத்தில் தமக்குச் சொல்லப்பட்டதாக அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1989-இல், பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டு விழாவில், பாரிஸ் நகரின் வீதியில் அமெரிக்காவின் சார்பாக அணிவகுத்துச் சென்றது அவர் வளர்த்த பேண்டு. கிடைத்த சில நிமிஷங்களை வீணாக்காதவர் அவர்.

மாணவ நண்பர்களே! கட்டுப்பாடு என்றாலே நமக்குக் கசக்கிறது. அது இளமையின் இயல்பு. ஆனால் தாளம் என்பதே அடிக்கும் கணமும் அடிக்காத கணமும் சேர்ந்ததுதானே? எப்போது ஒலிப்பது என்பதை அந்த மாணவர்கள் ஆசிரியரிடம் கற்றார்கள். எப்போது அடங்குவது என்பதை எதிர்க்கட்சிப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக் கற்றார்கள். அந்தச் சனிக்கிழமை கேட்ட பாட்டுகளில் ஒன்றுகூட இன்று எனக்கு நினைவில் இல்லை. முரசுக்கு ஓர் அங்குலம் மேலே நின்ற அந்தக் கோல் மட்டும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.