அம்மாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

(ஆண்டுச் சந்திப்பில் பேசியது)



என் அப்பாவுக்கு மறதி நோய், அதாவது டிமென்ஷியா, வந்து 4 வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் மெஷின் கோளாறைச் சரிசெய்கிற மாதிரி அவரைத் திருத்தப் பார்த்தேன். "ஆபீசுக்கு நேரமாச்சு" என்பார். "நீங்க ரிட்டயர் ஆகி 8 வருஷமாச்சுப்பா" என்பேன். கோபம்தான் வரும். அம்மாவோ, "பஸ் வரட்டும், அதுக்குள்ள காபி குடிங்க" என்பார். அப்பா அமைதியாகிவிடுவார். மூளையைப் பாதிக்கும் நோயிடம் வாதாடி ஜெயிக்க முடியாது என்று அம்மாவிடம்தான் கற்றேன்.

ஆனால் அந்த அம்மாவை நான் கவனிக்கவில்லை. போன வருஷம் மயங்கி விழுந்தபோதுதான் தெரிந்தது: அப்பா ராத்திரி எழுந்து நடமாடுவதால், அவர் மாதக்கணக்கில் சரியாகத் தூங்கவே இல்லை.

2023-ல் வெளியான ஆய்வு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் உண்டு. அவர்களைக் கவனிப்பவர்களின் கணக்கை யார் எடுப்பது?

இப்போது ஞாயிறு முழுக்க அப்பா என் பொறுப்பு. அம்மா சித்தி வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிறார். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். "எப்படி இருக்கார்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "ரெண்டு மணி நேரம் நான் பார்த்துக்கறேன், நீங்க படுங்கம்மா" என்று சொல்லிப் பாருங்கள்.