பியானோ மேல் ஒரு சிவப்புப் பூ



இப்ப நாங்கள் கேட்டது ‘லா யும்பா’. 1946இல் ஒஸ்வால்டோ புக்லியேசேயின் இசைக்குழு ஒலிப்பதிவு செய்தது. அந்தத் தாளத்தைக் கவனிச்சீங்களா? ‘யும்’ என்று பாண்டோனியோன்களும் வயலின்களும் சேர்ந்து அழுத்தி இழுக்குது, ‘பா’ என்று பியானோ அடியில விழுகுது. தொழிற்சாலை இயந்திரம் மாதிரி இருக்குது என்று என்ர சிநேகிதி ஒருத்தி சொன்னாள். எனக்கும் அப்படித்தான் கேட்குது.

புக்லியேசே 1905இல் புவனஸ் ஐரிஸின் வில்லா கிரெஸ்போ பகுதியில் பிறந்தவர். அப்பா தோல் வேலை செய்த தொழிலாளி, புல்லாங்குழலும் வாசிப்பார். பதின்ம வயதிலேயே மகன் ‘ரெகுவேர்டோ’ என்ற பாடலுக்கு இசையமைச்சிட்டார். 1936இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். இசைக்கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் கட்டுற வேலையிலும் நின்றார். 1939 ஆகஸ்டில் கஃபே நேஷனலில் அவருடைய குழு முதன்முதலாக மேடை ஏறியது. 1943இல் ஓடியோன் நிறுவனத்துக்கு இசைத்தட்டுப் பதிவு தொடங்கியது.

நான் இண்டைக்குச் சொல்ல வந்தது அந்தக் குழு எப்படி நடந்தது என்பதைப் பற்றி. அது ஒரு கூட்டுறவு. மற்ற இடங்களில் தலைவர் ஒப்பந்தம் போடுவார், வாசிக்கிறவருக்குக் கூலி கொடுப்பார். இங்கே ஒவ்வொருத்தருடைய பங்களிப்புக்கும் புள்ளி. வருமானத்தை அந்தப் புள்ளிக் கணக்குப்படி பிரிச்சார்கள். அதோட, இசையமைப்பதும் பாடலைக் குழுவுக்கு ஒழுங்குபடுத்துவதும் தலைவருக்கு மட்டும் சொந்தமில்லை. பாண்டோனியோன் வாசித்த ஒஸ்வால்டோ ருஜியேரோ, வயலின் வாசித்த எமிலியோ பல்கார்சே போன்றவர்களின் வேலைகளும் அந்த இசைத்தட்டுகளில் இருக்குது.

இதன் பெறுமதி தெரிந்தது சிறைக் காலத்தில். பெரோன் ஆட்சியிலும் அதற்குப் பிறகும் அவரைப் பலமுறை பிடிச்சு அடைச்சார்கள். வானொலியில் வாசிக்கத் தடை. குழு என்ன செய்தது? பியானோ மேல் ஒரு சிவப்பு கார்னேஷன் பூவை வைச்சிட்டு, அவர் இல்லாமலே வாசிச்சது. சபைக்கு விளங்கிட்டுது. படத்தில பார்த்தால் அழகான காட்சி. ஆனால் பூ மட்டும் இருந்தால் கச்சேரி நடக்காது, தோழர்களே. தலைவர் இல்லாத இரவிலும் வாசிக்கக்கூடிய ஆட்கள் இருந்தபடியால்தான் நடந்தது.

இதைப் புனிதமாக்க வேண்டாம். 1968இல் ருஜியேரோ, பல்கார்சே உட்பட மூத்த கலைஞர்கள் பிரிந்துபோய் ‘செக்ஸ்டெட்டோ டாங்கோ’ தொடங்கினார்கள். கூட்டுறவு என்றாலும் ஆட்கள் போவார்கள். அப்ப புக்லியேசேக்கு அறுபது தாண்டிட்டுது. அவர் இளையவர்களைச் சேர்த்துத் திரும்பக் கட்டினார்.

ரசிகர்கள் கச்சேரிகளில் “கொலோனுக்கு!” என்று கத்துவார்களாம். கொலோன் என்பது மேல்தட்டின் ஓபரா அரங்கு. 1985 டிசம்பர் 26ஆம் திகதி, எண்பது வயதில், அவர் உண்மையிலேயே அங்கே வாசித்தார். அந்த ஒலிப்பதிவு கிடைக்குது, தேடிக் கேளுங்கோ. ‘லா யும்பா’ வரேக்க சபை போடுற சத்தத்தையும் கேளுங்கோ. 1995இல் அவர் காலமானார்.

இனி எங்கட கதைக்கு வருவம். எங்கட குழுவில் வங்கிக் கணக்கு யாருக்குத் தெரியும்? மண்டபக்காரரோட கதைக்கிறது யார்? துண்டுப்பிரசுரம் எழுதுறது யார், சமையல் செய்து கதிரை அடுக்குறது யார்? இரண்டாவது வேலைக்கு நாங்கள் எத்தனை புள்ளி போடுவம்? போன வருசம் ஒரு தோழர் வருத்தமாகிப் படுத்த உடனே எங்கட மூன்று கூட்டம் நிண்டு போச்சு. அவருக்குப் பூ அனுப்பினோம். அவருடைய வேலையைச் செய்ய ஒருத்தருக்கும் தெரியேல்ல.

இடைவேளைக்குப் பிறகு, யார் யார் என்ன செய்யிறம் என்று ஒரு பட்டியல் போடுவம். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பெயர் வேணும். தேத்தண்ணி குடிக்கேக்க ‘ரெகுவேர்டோ’ போடுறன்.