சமையல் மேடையும் எங்கள் குழுவும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் குழுவுக்கு நீங்கள் கொடுத்த கடனை என்ன செய்தோம் என்பது வரவு செலவு அறிக்கையில் இருக்கு. அதில் எழுத முடியாததைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

நாங்கள் செய்வது 'சாலிட் சர்ஃபேஸ்' வேலை. சமையல் மேடை, வாஷ்பேசின், பூஜை அலமாரித் தட்டு இதெல்லாம். கிரானைட்டான்னு கேக்கிறாங்க. இல்லை. கிரானைட் பூமியிலிருந்து வெட்டி எடுக்கிற கல். இது தொழிற்சாலையில் வார்த்த பலகை. பாக்சைட் தாதுவிலிருந்து கிடைக்கிற ஒரு வெள்ளைத் தூள் ஏறக்குறைய மூணில் ரெண்டு பங்கு, மீதி அக்ரிலிக் பிசினும் நிறமும். 1967-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி இதை உருவாக்கியது, 'கோரியன்' என்று பேர். இப்போ பல கம்பெனிகள் செய்யுது. ஒரு ஷீட் சுமார் பன்னிரண்டு அடி நீளம், இரண்டரை அடி அகலம், அரை இஞ்ச் கனம். மேல்பூச்சு கிடையாது. மேலே என்ன நிறமோ அடிவரைக்கும் அதேதான். அதனால் கீறல் விழுந்தா உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலே போயிடும். மர வேலை ரம்பமும் ரவுட்டரும் இருந்தால் வெட்டலாம். இரண்டு துண்டை அதே நிறப் பசையால் ஒட்டித் தேய்த்துவிட்டால் இணைப்பு கண்ணுக்குத் தெரியாது. அடுப்பில் சூடாக்கினால் ரப்பர் மாதிரி வளையும், அச்சில் வைத்து ஆறவிட்டால் அப்படியே நிற்கும்.

இவ்வளவு சுலபமான்னு நாங்களும் நினைச்சோம். அங்கேதான் சறுக்கினோம்.

முதல் பெரிய வேலை ஒரு டீச்சரம்மா வீட்டு மேடை. நாலாம் மாசம் போன் பண்ணினாங்க. அடுப்பு பதிக்க வெட்டின இடத்தில், மூலையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். போய்ப் பார்த்ததும் காரணம் புரிஞ்சுது. உள்மூலையைச் சதுரமா வெட்டியிருந்தோம். தையல் தெரிஞ்ச அக்காமார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சதுரக் கழுத்து ரவிக்கை எங்கே முதலில் கிழியும்? அதே கதைதான். சூட்டில் பலகை விரியும், ஆறினால் சுருங்கும், அந்த இழுப்பு எல்லாம் கூர்மூலையில் போய்ச் சேரும். மூலையை ரவுட்டரால் வளைவாக எடுத்து, விளிம்பை வழவழப்பாகத் தேய்த்து, அடுப்பு உட்காரும் ஓரத்தில் அலுமினிய டேப் ஒட்டியிருக்கணும். சுவர் ஓரத்திலும் ஒரு நூல் இடம் விட்டிருக்கணும்.

அன்றைய குழுக் கூட்டம் சண்டையில் முடிஞ்சுது. "சுடச்சுட குக்கரை இறக்கி வெச்சிருப்பாங்க, நாம ஏன் பொறுப்பேத்துக்கணும்?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். அவள் சொன்னதும் பொய்யில்லை, குக்கர் வைத்த தடம் இருந்துது. ஆனா பிரிமனை போடாமல் வைக்கக் கூடாதுன்னு டீச்சரம்மாவுக்கு நாம சொன்னோமா? சொல்லலை.

விரிசல் பட்ட இடத்தை மட்டும் வெட்டி, புதுத் துண்டு பதிக்க இந்தப் பலகையில் வழி உண்டு. ஆனா மிச்சத் துண்டுகளை நாங்க வித்துட்டோம். புது ஷீட் வாங்கினா வேற வார்ப்பு, நிறம் ஒரு சாயல் தள்ளியிருந்துது. ஒட்டுப் போட்ட சேலை மாதிரி தெரியும். அதனால் அந்தப் பக்கம் முழுவதும் சொந்தச் செலவில் மாற்றினோம். இரண்டு மாசம் யாரும் கூலி எடுக்கலை, தவணையைச் சேமிப்பிலிருந்து கட்டினோம். அந்தத் தங்கச்சி குழுவை விட்டு நின்னுட்டா. இதோ மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்கா. அவள் வீட்டு நிலைமைக்கு ரெண்டு மாசக் கூலி சின்ன விஷயமில்லை, அவள் மேல எனக்குக் கோபமில்லை.

இப்போ ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அடித் துண்டை சிங்க்குக்கு அடியில் வெச்சுட்டு வர்றோம். பில்லோடு ஒரு பிரிமனையும் கொடுக்கிறோம்.

இன்னொன்னு, தூசி. குவார்ட்ஸ் பலகையும் வெட்டித் தாங்கன்னு கேக்கிறாங்க, நல்ல காசு. நாங்க எடுக்கலை. அதில் பெரும்பங்கு சிலிக்கா, அந்தத் தூசி நுரையீரலைக் கல்லாக்கும். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் அந்தச் செயற்கைக் கல்லையே தடை பண்ணிட்டாங்க. எங்க பலகையில் அந்த ஆபத்து இல்லைன்னாலும் தூசி தூசிதான். முகக்கவசம், தூசி உறிஞ்சும் மெஷின் இல்லாமல் யாரும் ரவுட்டரைத் தொடக் கூடாதுன்னு தீர்மானப் புத்தகத்தில் எழ்தி எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். பசை வாடையும் தலைவலி கொடுக்கும், ஜன்னலைத் திறந்து வெச்சுதான் ஒட்டுவோம்.

சந்தோஷமான விஷயமும் இருக்கு. மேடை ஓரத்தில் சிக்குக் கோலம் பதிக்கிறோம். புள்ளி வெச்சு, கோட்டை ரவுட்டரால் ஒரு நூல் ஆழம் குடைந்து, வேறு நிறப் பசையை ஊற்றி, காய்ந்ததும் மட்டமாகத் தேய்ச்சால் கையில் தடவினாலும் தெரியாது. சிக்குக் கோலத்தில் கூர்மூலையே கிடையாது, ரவுட்டருக்கு அதுதான் வசதி. எங்க குழுவில் எழுபது வயசு அம்மா ஒருத்தங்க புள்ளி வைக்கிறாங்க, மெஷினைத் தொட மாட்டாங்க. எங்க வேலையில் அதிகம் கேட்டு வர்றது அவங்க கோலம்தான். மிச்சத் துண்டில் சோப்புத் தட்டு, வீட்டுப் பெயர்ப்பலகை செய்கிறோம்.

சனிக்கிழமை மதியம் பட்டறையில் இருப்போம். கத்துக்க விரும்புறவங்க வாங்க, புடவை முந்தானையை நல்லா செருகிக்கிட்டு வாங்க. மூணாவது வரிசைத் தங்கச்சி, உன் முகக்கவசம் இன்னும் அந்த ஆணியிலேதான் தொங்குது.