இளாஃபத்: அரபு மொழியில் உடைமை கூறும் முறை

(அரபுத் தொடக்க வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம்மில் ஒருவரை ‘அப்துல்’ என்று அழைக்கிறோம். மற்றொருவரை ‘ரஹ்மான்’ என்று அழைக்கிறோம். இவ்விரண்டும் ஏன் தவறு என்பதை உணர, அரபு இலக்கணத்தின் ஒரு சிறு பாடம் போதுமானது. அதற்கு ‘இளாஃபத்’ என்று பெயர். ஒரு பெயர்ச்சொல்லை மற்றொரு பெயர்ச்சொல்லுடன் இணைத்து, இது இன்னாருக்குரியது என்று உணர்த்துவதே இளாஃபத்.

தமிழில் ‘ஜைதுடைய நூல்’ என்கிறோம். உடையவர் முன்னே, உடைமை பின்னே. அரபியிலோ ‘கிதாபு ஜைதின்’ என்று முறை மாறும். முன்னே நிற்கும் ‘கிதாப்’ முளாஃப். பின்னே நிற்கும் ‘ஜைத்’ முளாஃப் இலைஹி. ‘உடைய’ என்பதற்கு இங்கே தனிச்சொல் இல்லை.

தொடக்க நிலையில் மூன்று விதிகளை மனத்தில் இருத்துங்கள்.

1. முளாஃபுக்குத் தன்வீனும் வராது. ‘அல்’ என்பதும் வராது. ஆகவே ‘கிதாபுன்’ என்பது ‘கிதாபு’ ஆயிற்று.

2. முளாஃப் இலைஹி எப்போதும் ‘ஜர்’ நிலையில் இருக்கும். பெரும்பாலும் ஸேர் பெறும். ‘அபூ’ போன்ற சில சொற்களில் ஸேருக்குப் பதிலாக ‘யே’ வரும். அபூதாலிபின் மகனை ‘அலீ இப்னு அபீதாலிப்’ (ரழி) என்று நாம் கூறுவது இதனால்தான்.

3. முளாஃபின் இறுதிக் குறி, வாக்கியத்தில் அதன் இடத்திற்கேற்ப மாறும். ‘எங்கள் இறைவன்’ என்பது ‘ரப்புனா’; அவனை அழைக்கும்போது ‘ரப்பனா’.

இதில் ‘னா’ என்பது ‘எங்கள்’. இத்தகைய சுட்டுப்பெயர்கள் சொல்லின் இறுதியில் ஒட்டும். ‘கிதாபீ’ என் நூல். ‘கிதாபுஹு’ அவனுடைய நூல். ‘கிதாபுஹா’ அவளுடைய நூல்.

‘எனக்கு ஒரு சகோதரன் உண்டு’ என்பதை ‘லீ அகுன்’ என்றும், ‘என்னிடம் ஒரு நூல் உண்டு’ என்பதை ‘இந்தீ கிதாபுன்’ என்றும் கூறுவர். ‘எனக்கு’, ‘என்னிடம்’ என்று கூறிப் பழகிய தமிழருக்கு இம்முறை எளிது.

இளாஃபத் எப்போதும் உடைமையையே குறிப்பதில்லை. ‘காதமு ஃபிள்ளத்தின்’ என்றால் வெள்ளியால் ஆன மோதிரம். ‘ஸலாத்துல் ஃபஜ்ர்’ என்றால் ஃபஜ்ரு நேரத்தில் தொழும் தொழுகை. ‘பைத்துல்லாஹ்’ என்பது அல்லாஹ்வின் இல்லம். அவன் அங்கே குடியிருக்கிறான் என்பது பொருளன்று. அவ்வில்லத்தைச் சிறப்பிக்கவே அது அவனுடன் இணைக்கப்பட்டது.

இனி நம் பெயர்களுக்கு வருவோம். ‘அப்து’ என்றால் அடிமை, அது முளாஃப். ‘அர்ரஹ்மான்’ முளாஃப் இலைஹி. இரண்டும் சேர்ந்தே ‘அளவற்ற அருளாளனின் அடிமை’ என்னும் பொருள் நிறைவுறும். ‘அப்துல் காதிர்’ என்பதிலுள்ள ‘ல்’ பின்வரும் சொல்லுக்குரியது. எனவே ‘அப்துல்’ என்று நிறுத்தினால், யாருடைய அடிமை என்பது சொல்லப்படாமலே போகிறது. ‘ரஹ்மான்’ என்று மட்டும் அழைத்தாலோ, அல்லாஹ்வுக்கே உரிய பெயர் அடியானுக்குச் சூட்டப்படுகிறது. முளாஃபை விட்டதனால், அடிமை என்னும் சொல்லே மறைந்துவிடுகிறது!

ஆகவே, பிள்ளைகளின் பிறப்பைப் பதியும்போதே ‘அப்துர்ரஹ்மான்’ என ஒரே சொல்லாக எழுதுங்கள். வீட்டிலும் கடைவீதியிலும் முழுமையாக அழைத்துப் பழகுங்கள்.

வல்ல அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியை வழங்கி அருள்வானாக! ஆமீன்.